கணக்கு ஏன் தப்பியது? – கல்லீரல் நோயாளியின் புத்தித் தடுமாற்றத்தை வீட்டிலேயே கண்டுகொள்வோம்

நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனை செவிலியரும் குழு உறுப்பினருமான சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

 

போன மாசக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. "எங்க வீட்டுக்காரருக்கு ஈரல் கெட்டுப் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். குடியை விட்டுட்டார். ஆனா இப்ப பேச்சு முன்னுக்குப் பின் முரணா இருக்கு. என்ன செய்யுறது?" பக்கத்தில் இருந்த ஒருத்தர் மெதுவா, "மறுபடி குடிக்கிறாரோ என்னமோ"ன்னு சொன்னாங்க. தப்பா நினைச்சுச் சொல்லல. ஆனா அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு பகீர்னு ஆச்சு. ஏன்னா அதே வார்த்தையை நானும் ஒரு நாள் சொல்லியிருக்கேன். என் கூடப் பிறந்த தம்பியைப் பார்த்துச் சொல்லியிருக்கேன். இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவ நான். எனக்கே தெரியல. அதனாலதான் இன்னிக்கு இதைப் பத்திப் பேசணும்னு தலைவிகிட்ட கேட்டு நேரம் வாங்கினேன்.

என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு வரை படிச்சவன். கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். எங்க குழு ஆரம்பிச்ச நாளிலிருந்து ரொக்கப் புத்தகம், சேமிப்பு, உள்கடன் எல்லாம் அவன்தான் எழுதிக் கொடுப்பான். குடிப்பழக்கம் இருந்தது. வயிறு வீங்கி, கால் வீங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கல்லீரல் சுருக்கம்னு சொன்னாங்க. சிரோசிஸ்னு சீட்டில் எழுதுவாங்களே, அதுதான். 2019 தைப் பொங்கலோட குடியை விட்டான். வீம்புக்காரன், விட்டால் விட்டதுதான்.

ஆவணி மாசம் குழுக் கூட்டத்தில் பெட்டியில் இருந்த பணத்தை எண்ணினோம். நோட்டில் 1,630 ரூபாய் இருப்பு. பெட்டியில் 1,360 ரூபாய்தான் இருந்தது. 270 ரூபாய் குறையுது. மூணு தடவை எண்ணினோம். யாரோ ஒருத்தர், "நோட்டு அவர் வீட்டுலதானே இருக்கு, பெட்டியும் அங்கதானே இருந்தது"ன்னு ஆரம்பிச்சாங்க. இன்னொருத்தர் முடிச்சாங்க: "குடிக்கிறவன் கையில பணம் எதுக்கு?" என் தம்பி பெண்டாட்டி கூட்டத்திலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கிட்டு அழுதுச்சு.

நான் நேரா தம்பி வீட்டுக்குப் போனேன். மத்தியானம் ரெண்டு மணி. தூங்கிக்கிட்டு இருந்தான். எழுப்பிக் கேட்டேன். காரணமில்லாமச் சிரிச்சான். பக்கத்தில் போனால் வாயில் ஒரு மாதிரி வாடை. "மறுபடி ஆரம்பிச்சிட்டியாடா?"ன்னு கத்தினேன். "இல்லக்கா, தொடலக்கா"ன்னான். நான் நம்பல. அவன் பெண்டாட்டியும் நம்பல. எட்டு மாசம் வைராக்கியமா இருந்தவனை, கட்டினவளும் கூடப்பிறந்தவளும் சேர்ந்து குற்றவாளி ஆக்கினோம்.

அடுத்த ஒரு மாசம் இப்படியே போச்சு. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் நடை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்குவான். மோட்டாரைப் போட்டுட்டு நிறுத்த மறந்துடுவான். ஒரு நாள் மாட்டுக் கொட்டகை மூலையில் ஒண்ணுக்கு இருந்தான். சின்ன வயசிலிருந்தே கூச்ச சுபாவம் உள்ளவன் அவன். "குடிச்சாதான் இப்படிச் செய்வான்"னு நாங்க முடிவே கட்டிட்டோம். ராத்திரித் தூக்கம் இல்லையேன்னு அவன் பெண்டாட்டி கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துச்சு. மறுநாள் காலையில், "மதினி, எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு"ன்னு ஓடி வந்துச்சு. கண்ணைத் திறந்து பார்த்தான், என்னை அடையாளம் தெரியல. 108-க்குப் போன் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை நாளா வெளிக்குப் போகல?" நாலு நாள். ரெண்டாவது கேள்வி, "தூக்க மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?" மூணாவது, "பகலில் தூங்கி ராத்திரி முழிச்சிருந்தாரா? எத்தனை நாளா?" எல்லாத்துக்கும் ஆமாம், ஆமாம்னு தலையாட்டினோம். அந்தம்மா எங்களைத் திட்டல. "இது குடி இல்ல, ஈரல் நோய் மூளையைத் தொட்டிருக்கு"ன்னு சொன்னாங்க. எனிமா கொடுத்தாங்க, மூக்கு வழியாக் குழாய் போட்டு மருந்து கொடுத்தாங்க. மூணாம் நாள் சாயங்காலம் கண் முழிச்சு, "அக்கா, ஆடு கட்டியாச்சா?"ன்னு கேட்டான். அன்னிக்கு நான் அழுத அழுகை என் வீட்டுக்காரர் இறந்தன்னிக்குக்கூட அழல.

வீட்டுக்கு வந்ததும் குழு நோட்டை எடுத்துப் பார்த்தேன். வைகாசி வரைக்கும் முத்து முத்தா எழுத்து. ஆனியில் வரி சாய ஆரம்பிக்குது. ஆடியில் ஒரே பெயரை ரெண்டு தடவை எழுதியிருக்கான். ஆடி கடைசிப் பக்கத்தில் இருப்பு 1,360. அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது 1,630-னு எழுதியிருக்கான். மூணும் ஆறும் இடம் மாறியிருக்கு. 270 ரூபாய் எங்கேயும் போகல. எழுத்திலதான் தப்பு. அவன் மூளை தடுமாறுதுன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே அந்த நோட்டு சொல்லியிருக்கு. பன்னிரண்டு பெண்கள் வாராவாரம் அந்த நோட்டைப் பார்த்தோம். படிக்கத் தெரியல எங்களுக்கு.

இது ஏன் வருது?

ஈரல் நம்ம உடம்பில் சமையல்கட்டும் சல்லடையும் மாதிரி. நாம் சாப்பிடுற சாப்பாடு குடலில் செரிக்கும்போது அம்மோனியா என்கிற கழிவு உண்டாகிறது. குடலில் இருக்கிற கிருமிகளும் அதை உண்டாக்கும். நல்ல ஈரல் அந்த அம்மோனியாவை யூரியாவாக மாற்றிவிடும், அது சிறுநீரில் போய்விடும். ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டால் அந்த வேலை நடக்காது. ரத்தமும் ஈரலுக்குள்ளே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிப் போய்விடும். அப்போது வடிகட்டாத கழிவு நேரா மூளைக்குப் போகிறது. மூளை மந்தமாகிறது. இதற்கு டாக்டர்கள் ஹெபாடிக் என்செபலோபதி என்று பெயர் சொல்வார்கள். என் தம்பி வாயில் வந்த வாடைகூடச் சாராய வாடை இல்ல, ஈரல் கழிவு மூச்சில் வருவதால் வரும் வாடை.

இது பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. படிப்படியாக வரும். டாக்டர்கள் நாலு படியாகப் பிரிக்கிறார்கள்.

முதல் படியில் கவனம் நிற்காது. கூட்டல் கழித்தல் தப்பும். தூக்கம் தலைகீழாக மாறும். காரணமில்லாத சந்தோஷமோ பயமோ இருக்கும். என் தம்பிக்குக் கணக்கு தப்பினது இந்தப் படியில்தான்.

இரண்டாம் படியில் மந்தம், சோம்பல். இன்னிக்கு என்ன கிழமை என்பதில் குழப்பம். குணம் மாறும், கூச்சம் போய்விடும். பேச்சு குழறும். கை உதறும்.

மூன்றாம் படியில் தூங்கிக்கொண்டே இருப்பார், எழுப்பினால் எழுவார். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. ஏதேதோ செய்வார்.

நான்காம் படியில் எழுப்பினாலும் எழ மாட்டார்.

இந்த நாலுக்கும் முன்னாடி இன்னொரு படி இருக்கு. வெளியே பார்த்தால் ஒண்ணுமே தெரியாது. நல்லாத்தான் பேசுவார், வேலைக்குப் போவார். ஆனால் சோதனை வைத்துப் பார்த்தால் மூளை வேகம் குறைந்திருக்கும். இவர்கள்தான் வண்டி ஓட்டும்போது தடுமாறுவார்கள், நடக்கும்போது விழுவார்கள்.

ஆஸ்பத்திரியில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஒரு தாளில் 1 முதல் 25 வரை எண்கள் வட்டத்துக்குள் சிதறிக் கிடக்கும். வரிசையாகக் கோடு போட்டு இணைக்கணும். எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். மூளை மந்தமானால் நேரம் கூடும், வரிசை தப்பும்.

"எழுத்து எண் தெரியாதவங்க என்ன செய்யுறது?"ன்னு நீங்க கேட்பீங்க. நல்ல கேள்வி. இதை நம் நாட்டு மருத்துவர்களே யோசித்தார்கள். எண்ணுக்குப் பதிலாகப் படங்களை வைத்து ஒரு சோதனையை உண்டாக்கி 1995-ல் வெளியிட்டார்கள். ஒரு படத்தையும் அதே மாதிரிப் படத்தையும் வரிசையாக இணைத்துக்கொண்டே போகணும். பள்ளிக்கூடம் போகாதவரையும் அதில் சோதிக்கலாம். "எனக்குப் படிப்பு வராது, என்னைச் சோதிக்காதீங்க"ன்னு யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை இன்னும் எளிது. ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்கள் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுவது. இத்தாலி நாட்டு மருத்துவர்கள் இதை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். 15-க்கு மேல் சொன்னால் பெரும்பாலும் பரவாயில்லை. 10 கூட வரவில்லை என்றால் உடனே கவனிக்கணும். ஆனால் வயசு, படிப்பைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறும். அதனால் வெறும் எண்ணை வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது.

ரத்தத்தில் அம்மோனியா எவ்வளவு என்று பார்க்கும் சோதனையும் உண்டு. அந்த அளவு கூடியிருப்பதை மட்டும் வைத்து இந்த நோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட மாட்டார். நோயாளி எப்படி இருக்கிறார், வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் முக்கியமாகக் கேட்பார். அந்தப் பதில் நம்மகிட்டதான் இருக்கு. கூடவே இருக்கிறவங்க நாமதானே.

வீட்டில் நாம் என்ன பார்க்கலாம்?

நமக்கு நோட்டு வைப்பது புதுசு இல்ல. பத்து ரூபாய் சேமிப்புக்கே நோட்டு வைக்கிறோம். ஈரல் நோயாளி இருக்கிற வீட்டில் பிள்ளையோட பழைய நோட்டில் ஒண்ணை எடுத்து வைங்க. தினம் ஒரே நேரத்தில் அஞ்சு நிமிஷம் போதும்.

ஒண்ணு, தூக்கம். ராத்திரி தூங்கினாரா, பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினார்?

ரெண்டு, வெளிக்குப் போனது. எத்தனை தடவை, என்ன நிறம்?

மூணு, நினைவு. இன்னிக்கு என்ன கிழமை, எங்க இருக்கோம், நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?

நாலு, கணக்கு. காசுக் கணக்கே கேளுங்க. "நூறு ரூபாய் கொடுத்தேன், 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கினேன், மீதி எவ்வளவு?" தினம் எண்ணை மாத்துங்க, இல்லாட்டி மனப்பாடமாச் சொல்லிடுவார்.

அஞ்சு, பெயர் சொல்லுறது. ஒரு நிமிஷத்தில் எத்தனை ஆடு மாடு பறவை மிருகம் சொல்றார்னு கோடு போட்டு எண்ணுங்க.

ஆறு, கையெழுத்து. தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்குங்க. கையெழுத்துத் தெரியாதவர் என்றால் ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்க. பெண் என்றால் சின்னப் புள்ளிக் கோலம் போடச் சொல்லுங்க. பழகின கோலத்தில் இழை தப்பினால் நமக்குத் தெரியாதா?

ஏழு, கை. ரெண்டு கையையும் முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துற மாதிரி மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரிச்சு, கண்ணை மூடி அரை நிமிஷம் வைக்கச் சொல்லுங்க. கை அப்பப்ப சட்டென்று தொங்கி எழுந்து, பறவை சிறகடிக்கிற மாதிரி அடிச்சால் அது அடையாளம்.

இதில் முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. அவரைப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீங்க. அவர் நல்லா இருக்கிற நாளில் முதலில் எழுதி வைங்க. அதோடு இன்னிக்கு இருக்கிறதை ஒப்பிடுங்க. நேத்து 18 மிருகம் சொன்னவர் இன்னிக்கு 9 சொன்னால், காலண்டர் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. பத்து நிமிஷம் நீங்க வாயால் சொல்றதை விட ஒரு பக்கம் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

இன்னொண்ணு. இதைப் பரீட்சை மாதிரி, போலீஸ் விசாரணை மாதிரி வைக்காதீங்க. பேரப்பிள்ளையோடு சேர்த்து விளையாட்டா வைங்க. என் தம்பி மகள்தான் தினம் அவனைக் கேட்கும். "அப்பா, இன்னிக்கு நீங்க 20, நான் 24"ன்னு சிரிக்கும்.

எதனால் கூடும்?

மலச்சிக்கல் முதல் எதிரி. கழிவு குடலில் தங்கத் தங்க அம்மோனியா ஏறும். அடுத்தது காய்ச்சல், கிருமித் தொற்று. வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்த நீரிலேயே கிருமி சேரலாம். அடுத்தது ரத்தக் கசிவு. தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு, வாந்தி, நீர் பிரிய மாத்திரை அதிகமாவது, உப்புச் சத்து குறைவது, இவையும் காரணம். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை, மது, மூணும் மூளையை இன்னும் அமுக்கும். கடையில் நாமாகக் கேட்டு எந்த மாத்திரையும் வாங்கக் கூடாது. நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான்.

டாக்டர்கள் பெரும்பாலும் லாக்டுலோஸ் என்கிற இனிப்பான மருந்து கொடுப்பார்கள். இதை வெறும் பேதி மருந்துன்னு நினைச்சு நிறுத்திடாதீங்க. நாளைக்கு ரெண்டு மூணு தடவை இளக்கமாகப் போகிற அளவுக்குக் கொடுக்கணும். ஒரு தடவைகூடப் போகலன்னாலும் தப்பு, தண்ணியாக ஏழெட்டு தடவை போனாலும் தப்பு. அதுக்கும் நோட்டுதான் துணை. சிலருக்கு ரிஃபாக்ஸிமின் என்கிற மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பழைய பேச்சு ஒண்ணு இருக்கு. "ஈரல் நோய்க்குப் பருப்பு, முட்டை ஆகாது, கஞ்சி மட்டும் கொடு"ன்னு சொல்வாங்க. இப்ப மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. புரதத்தைக் குறைத்தால் சதை வற்றிப்போகும். சதையும் அம்மோனியாவை எடுத்துக்கொள்கிற இடம், அது வற்றினால் நோய் கூடும். பருப்பு, தயிர், பயறு, முட்டை எல்லாம் டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கணும். ஒரே நேரத்தில் வயிறு நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்க. படுக்கும் முன் ஏதாவது சாப்பிடணும். விரதம், பட்டினி வேண்டாம். வயிற்றில் நீர் இருந்தால் உப்பைக் குறைக்கணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு தள்ளி வைங்க.

கீழாநெல்லியைப் பத்தி நிறைய பேர் கேட்பீங்க. எந்த நாட்டு மருந்தா இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீங்க. அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போறதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. அதே மாதிரிதான் மந்திரிக்கிறதும். சாமி கும்பிடுறது உங்க நம்பிக்கை. ஆனா முதலில் 108, அப்புறம் வேண்டுதல்.

மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் தண்ணியோ மருந்தோ ஊற்றாதீங்க. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைங்க. புத்தி தடுமாற வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை திடீர்னு குறைந்திருக்கலாம். பக்கவாதமாக இருக்கலாம். விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். எது என்று ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியும்.

வண்டியும் கைநாட்டும்

தடுமாற்றம் இருக்கிற நாட்களில் வண்டி, மோட்டார், கிணற்றடி, மரம் ஏறுறது எதுவும் வேண்டாம். வெளியே தெரியாத படியில் இருப்பவரும் வண்டி ஓட்டலாமா என்று டாக்டரைக் கேட்டுத்தான் ஓட்டணும்.

அடுத்தது சொத்தும் கடனும். பத்திரத்தில் கைநாட்டு, வங்கிக் கடனில் கையெழுத்து, ஜாமீன் கையெழுத்து, எதையும் குழப்பமான நேரத்தில் வாங்கக் கூடாது. வெளியாள் வாங்கினாலும் தப்பு, நாமே வாங்கினாலும் தப்பு. தெளிஞ்ச பிறகு உட்கார வைத்து, பொறுமையாக விளக்கி, அவர் சம்மதத்தோடு செய்யுங்க. நோய் வந்துட்டா மனுஷனுக்கு உரிமை போயிடுமா? போகாது. தெளிவா இருக்கும் நாளில் அவர்தான் அவருக்கு எஜமான்.

குடித்தவருக்கு மட்டுமா?

இல்ல. சிரோசிஸ் என்றாலே குடிகாரன் என்று முத்திரை குத்தாதீங்க. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி என்று ரெண்டு வகை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும். சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்பு படிந்து, அதுவும் சிரோசிஸில் போய் முடியலாம். ஒரு சொட்டு மதுவும் தொடாத நம்ம பெண்களுக்கே இது வருது. அப்படி ஒரு மாமியாரை எனக்குத் தெரியும். மருமகள் கொடுத்த காபியைத் தரையில் ஊற்றினாங்க, ராத்திரியில் பாத்திரம் தேய்ச்சாங்க. வயசான கோளாறுன்னு ஒருத்தர், மருமகளைப் பழிவாங்குறாங்கன்னு இன்னொருத்தர். கடைசியில் பார்த்தால் ஈரல். மருந்து கொடுத்ததும் தெளிஞ்சாங்க. மருமகள் கையைப் பிடிச்சு, "நான் ஏதாவது தப்பாப் பேசினேனா தாயி?"ன்னு கேட்டாங்களாம்.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கொடுக்க மத்திய அரசு 2018-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் கேளுங்க. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாச்சான்னு பிரசவ வார்டிலேயே கேட்டு வாங்குங்க. குடியை விட நினைக்கிறவர் வீட்டில் இருந்தால் டாக்டர் துணையோடு விடச் செய்யுங்க. தினம் நிறையக் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

குழு என்ன செய்யணும்?

இந்த நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. பகலில் கூலி வேலை. அவ கூட்டத்துக்கு வரலன்னா அபராதம் போடுறதுக்கு முன்னாடி, ஏன் வரலன்னு வீட்டுக்குப் போய்ப் பாருங்க. வாரத்துக்கு ரெண்டு ராத்திரி யாராவது துணைக்குப் படுங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுங்க. காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேளுங்க.

எங்க குழுவில் கடைசியில் என்ன நடந்ததுன்னு சொல்லி முடிக்கிறேன். தம்பி தேறி வந்து ஒரு மாசம் கழிச்சு, அவனே நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கூட்டினான். தப்பின இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டான். கூட்டத்துக்கு வந்து, "என் கணக்குதான் தப்பு, பணம் சரியா இருக்கு"ன்னு சொல்லி நோட்டை வச்சிட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போனான். அன்னிக்குத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம்: நோயாளி மேல் விசாரிக்காமல் பழி சொன்னதுக்குக் குழு வருந்துகிறது. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த நாள் எல்லாரும் அவன் வீட்டுக்குப் போய் அதைப் படிச்சுக் காட்டினோம். ஒண்ணும் பேசல அவன். உள்ளே போய்ப் பெண்டாட்டிகிட்ட, "எல்லாருக்கும் காபி போடு"ன்னான்.

இன்னிக்கும் இருக்கான். மருந்து சாப்பிடுறான். ரெண்டு தடவை மறுபடி தடுமாறினான். ரெண்டு தடவையும் நோட்டு காட்டிக் கொடுத்துச்சு, முதல் படியிலேயே பிடிச்சிட்டோம். குழுக் கணக்கை இப்ப அவன் மகள் எழுதுது. கூட்டிச் சரிபார்க்கிறது அவன்தான்.

போன மாசம் கேள்வி கேட்ட சகோதரி இங்க வந்திருக்காங்க. கூட்டம் முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வர்றேன் தாயி. ஒரு பழைய நோட்டு மட்டும் எடுத்து வை.



குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டவும்:

கல்லீரல் நோயாளியிடம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்: பகல் தூக்கம், இரவு விழிப்பு எனத் தலைகீழாக மாறுவது, கிழமை, இடம் தெரியாத குழப்பம், கை உதறல், திடீர்க் குண மாற்றம், இரண்டு நாள் மலம் போகாதது, காய்ச்சல்.

இவை இருந்தால் உடனே 108: எழுப்பினால் எழாதது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வலிப்பு.

தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். "குடித்திருக்கிறான்" என்று சொல்லும் முன் ஈரலை நினையுங்கள்.